'தகவல் இல்லை' என்பதும் ஒரு தகவல்தான்!

புது தில்லி:

தலைநகரில் இதழியல் பயிலும் மாணவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் பயிற்சி ஒன்று உண்டு. செய்தி வலைப்பூக்களையும் இணைய செய்தித் தளங்களையும் சில நாள்கள் தொடர்ந்து படித்து, அவற்றிலிருந்து சிறப்புக் கட்டுரைக்கான கருக்களைத் தேர்ந்து வர வேண்டும். ஒவ்வொரு கருவையும் நான்கே வரிகளில் எழுதி வகுப்பில் முன்வைக்க வேண்டும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால், இந்தப் பயிற்சி நவம்பர் மாதத்தில் வந்துவிட்டால், வகுப்பில் பாதிப் பேர் தில்லியின் காற்று மாசை எழுதி வருவார்கள். மீதிப் பேர் யமுனையில் மிதக்கும் வெண்ணுரையை எழுதி வருவார்கள்.

இவை தலைப்புகள், கருக்கள் அல்ல. தலைப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. விடை இன்னும் தெரியாத ஒரு கேள்வி உள்ளே இருந்தால்தான் அது கரு. செய்தி முகமை அனுப்பிய ஒரே செய்தியைப் பத்து இணையதளங்கள் பத்து விதமாகத் தலைப்பிட்டு வெளியிடும்போது, அந்தப் பத்தையும் படித்துவிட்டுப் பதினொன்றாவதை எழுதுவதுதான் சிறப்புக் கட்டுரை என்று மாணவர் நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

இந்தியாவில் வலைப்பூக்களின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, காணாமல் போனோர் பற்றிய விவரங்களையும் உதவி தேவைப்படும் இடங்களையும் திரட்டித் தர தன்னார்வலர்கள் தொடங்கிய வலைப்பூ உலகின் கவனத்தை ஈர்த்தது. 2005 ஜூலையில் மும்பை வெள்ளத்தில் மூழ்கியபோதும் அப்படியே. அடுத்த ஆண்டு ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில பக்கங்களை மட்டும் முடக்குமாறு அரசு உத்தரவிட, இணைய சேவை நிறுவனங்கள் 'பிளாக்ஸ்பாட்' முழுவதையும் முடக்கி வைத்தன. சமையல் குறிப்பு எழுதியவரின் பக்கமும் சேர்ந்தே இருண்டது. அன்றைய பதிவர் தெருவில் தான் கண்டதை எழுதினார். இன்றைய செய்தித் தளங்களில் பல, வேறொரு திரையில் கண்டதையே எழுதுகின்றன.

தலைப்பிலிருந்து கருவுக்குச் செல்ல தில்லியில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அது நாடாளுமன்றத்தின் கேள்வி-பதில் பக்கம்.

கூட்டத்தொடர் நடைபெறும் நாள்களில் மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. மாநிலங்களவையில் முறையே 15, 160. ஆக, ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு அமைச்சகங்கள் பதில் தர வேண்டும். நட்சத்திரக் குறியிட்டவற்றுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதிலளிப்பார்; துணைக் கேள்விகளும் கேட்கலாம். மற்றவை எழுத்துவடிவில் அவையின் மேஜையில் வைக்கப்படுவதோடு சரி. தொலைக்காட்சியில் அமளி ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மேஜையில் சத்தமில்லாமல் வந்து சேரும் காகிதங்கள் இவை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

இந்தப் பதில்களை எண்களுக்காக மட்டும் படிப்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள். படிக்க வேண்டியது சொற்களை.

'மட்டுமே' எனும் சொல்:

காற்று மாசையே எடுத்துக்கொள்வோம். மாசினால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று உறுப்பினர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். காற்று மாசினால் மட்டுமே நேரிட்ட மரணம் அல்லது நோய் என்று உறுதிப்படுத்தத் தக்க தரவு எதுவும் இல்லை என்பதே சிறு மாற்றங்களுடன் அரசு திரும்பத் திரும்பத் தந்துவரும் பதில். செய்தித் தளங்கள் 'தரவு இல்லை: மத்திய அரசு' என்று தலைப்பிட்டு நகர்ந்துவிடுகின்றன. மாணவர் நிற்க வேண்டிய இடம் 'மட்டுமே'.

மாசினால் மட்டுமே இறப்பவர் யார்? மூச்சுத்திணறல், மாரடைப்பு, நிமோனியா என்றுதான் மருத்துவச் சான்றில் எழுதப்படும். இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்கும் படிவத்தில் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணங்கள், துணைபுரிந்த பிற காரணங்கள் என்று தனித்தனி இடங்கள் உண்டு. அந்தக் கடைசி இடத்தைத் தில்லியின் அரசு மருத்துவமனைகளில் நள்ளிரவில் யார் நிரப்புகிறார்கள்? எதைப் பார்த்து நிரப்புகிறார்கள்? நிரப்புகிறார்களா? இதுதான் கரு. லண்டனில் 2013-இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமி எல்லா கிஸ்ஸி-டெப்ராவின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி பதிவு செய்தது 2020 டிசம்பரில். பிரிட்டனிலேயே அதுதான் முதல் முறை. அதற்கு ஒரு தாயின் ஏழாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் கரோனா இரண்டாவது அலையில் ஆக்சிஜன் கேட்டு தில்லி மருத்துவமனைகள் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதை நாடே பார்த்தது. அந்த ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி மாநிலங்களவையில் மத்திய சுகாதாரத் துறை தந்த எழுத்துப்பூர்வ பதிலில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணம் என்று குறிப்பாக எதையும் மாநிலங்களோ, யூனியன் பிரதேசங்களோ தெரிவிக்கவில்லை என்று கூறப்பட்டது. இங்கே சொல் 'குறிப்பாக'. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று மத்திய அரசு சொல்லும். எங்களிடம் அப்படிக் கேட்கவில்லை என்று மாநிலம் சொல்லும். அன்றாடம் தில்லிக்கு அனுப்பப்பட்ட படிவத்தில் அப்படியொரு கட்டம் இருந்ததா என்று தேடிப் பார்ப்பவருக்குக் கட்டுரை கிடைக்கும்.

ஒரே கூட்டத்தொடர், இரண்டு பதில்கள்:

2020 செப்டம்பர் மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது என்று முடிவானது. எழுத்துப்பூர்வ பதில்கள் மட்டும் தொடர்ந்தன. முதல் நாளான 14-ஆம் தேதி, பொது முடக்கத்தின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய தரவு ஏதும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் மக்களவையில் பதிலளித்தது. தரவு இல்லாததால் இழப்பீடு பற்றிய கேள்வியும் எழவில்லை.

சில நாள்களிலேயே மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் வேறொரு கேள்விக்குப் பதிலளித்தார். ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9-ஆம் தேதி வரை 97 பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது என்றது அந்தப் பதில். சுமார் 63 லட்சம் பேரை ஏற்றிச் சென்ற ரயில்கள் அவை. ஓர் அமைச்சகத்தில் இல்லாத கணக்கு இன்னோர் அமைச்சகத்தில் இருந்தது. இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துப் படிக்க யாருக்கும் சிறப்பு அனுமதி தேவையில்லை.

உண்மையில் ஒரு கணக்கு அதற்கு முன்பே இணையத்தில் இருந்தது. ஆய்வாளர்கள் சிலர் உள்ளூர் நாளிதழ்களில் இரண்டாம், ஐந்தாம் பக்கங்களில் வந்த சிறு செய்திகளைத் திரட்டி, பசி, களைப்பு, சாலை விபத்து, தற்கொலை என்று வகை பிரித்து, கரோனா தொற்று அல்லாமல் முடக்கத்தை ஒட்டி நேர்ந்த மரணங்களைப் பட்டியலிட்டு வந்தனர். 2020 ஜூலைக்குள் அந்தப் பட்டியல் 900-ஐத் தாண்டியிருந்தது. பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஏதோ ஒரு மாவட்ட நிருபர் இருக்கிறார். வலைப்பூவிலிருந்து கட்டுரை பிறக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைக்காது.

தமிழகம் முதலிடம் பிடித்த பட்டியல்:

சொல்லை விளக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே எண்ணிக்கையும் இருக்கும். கையால் மலம் அள்ளும் தொழிலில் ஈடுபட்டு இறந்தவர்கள் எத்தனை பேர் என்று 2021-இல் மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. அப்படி இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று சமூக நீதி அமைச்சகம் கூறியது. எதிர்ப்பு கிளம்பிய அடுத்த சில நாள்களில், பாதாளச் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது 1993 முதல் 941 பேர் இறந்துள்ளதாக அதே அமைச்சகம் அதே அவையில் தெரிவித்தது. மாநிலவாரியாகப் பார்த்தால் தமிழகத்தில் 213 பேர். அடுத்து குஜராத் 153, உத்தரப் பிரதேசம் 104, தில்லி 98.

இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதுதான் அரசின் நிலை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுவோர்' என்பதற்கு ஒரு விளக்கமும், சாக்கடைக்குள் பாதுகாப்புக் கருவியின்றி இறங்கும் 'அபாயகரமான துப்புரவு' என்பதற்கு வேறொரு விளக்கமும் தருகிறது. எனவே, மலக்குழிக்குள் விஷவாயு தாக்கி இறந்தவர், சட்டத்தின் கண்ணில் கையால் மலம் அள்ளியவர் அல்லர். அவர் எந்தச் சாதியில் பிறந்தார், அவரை அங்கே இறக்கியது எது என்பதற்கெல்லாம் அந்த விளக்கத்தில் இடமில்லை.

இந்தச் செய்தியை அன்று வெளியிட்ட தளங்களில் பெரும்பாலானவை 'முரண்பட்ட பதில்கள்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டன. கருவோ அதற்கு அப்பால் இருக்கிறது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ரூ.10 லட்சம் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகை ரூ.30 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆட்களை இவ்வாறு இறக்குவோருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது சட்டத்தின் 9-ஆவது பிரிவு. ஓர் ஊரை, ஒரு மரணத்தை எடுத்துக்கொண்டு, முதல் தகவல் அறிக்கையில் இந்தச் சட்டப் பிரிவு இடம்பெற்றதா, வெறும் கவனக்குறைவு வழக்காக முடிந்ததா, ஒப்பந்ததாரர் பெயர் எழுதப்பட்டதா, பணம் யார் கைக்குப் போனது என்று கேட்டுப் போகலாம். சென்னையிலோ தில்லியிலோ பயிலும் மாணவருக்குப் பேருந்து தூரத்தில் இருக்கும் கட்டுரை இது.

பதிலுக்கும் கோப்புக்கும் இடையில்:

அவையில் தரப்பட்ட பதிலை அப்படியே நம்பாமல் கோப்பைத் தேடிச் சென்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தேர்தல் நன்கொடை பத்திர விவகாரம் சாட்சி. 2018 டிசம்பரில் திரிணமூல் உறுப்பினர் முகமது நதிமுல் ஹக் மாநிலங்களவையில் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பத்திரங்கள் குறித்துத் தேர்தல் ஆணையம் கவலை ஏதும் தெரிவித்துள்ளதா? அன்று நிதித் துறை இணையமைச்சராக இருந்தவர் கன்னியாகுமரித் தொகுதி உறுப்பினர் பொன். ராதாகிருஷ்ணன். ஆணையத்திடமிருந்து அத்தகைய கவலை எதுவும் அரசுக்கு வரவில்லை என்பது அவர் தந்த பதில்.

ஆனால், 2017 மே மாதமே தேர்தல் ஆணையம் தன் எதிர்ப்பைச் சட்ட அமைச்சகத்துக்குக் கடிதமாக எழுதியிருந்தது. அதற்கும் முன்பு, நிதிநிலை அறிக்கைக்கு இரு நாள் முன்னதாக ரிசர்வ் வங்கியும் எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொறுமையாகக் கேட்டுப் பெற்ற கோப்புகளில் இந்த விவரங்கள் இருந்தன. அவற்றை வைத்து நிதின் சேத்தி 2019 நவம்பரில் தொடர் கட்டுரைகள் எழுதினார். வெளியிட்டது பெரிய நாளிதழ் எதுவும் அல்ல. 'ஹஃப்போஸ்ட் இந்தியா' என்ற இணைய செய்தித் தளம். விலை பத்து ரூபாய் மனுக்கட்டணம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். உண்மையான விலை ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டமே அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது.

அந்தத் தளம் தீர்ப்பைப் பார்க்கவில்லை. இணைய செய்தி நிறுவனங்களில் அந்நிய முதலீடு 26 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2019-இல் வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. தாய் நிறுவனம் கைமாறிய நிலையில், 2020 நவம்பரில் இந்தியப் பதிப்பு மூடப்பட்டது. இன்று மாணவர்கள் ஆவலோடு படிக்கும் தளங்களில் எத்தனை அவர்கள் பட்டம் வாங்கும்வரை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எழுதுபவருக்கும் உத்தரவாதம் குறைவே. ஹாத்ரஸ் கொடுமையைப் பற்றி எழுதச் சென்ற, மலையாள செய்தித் தளம் ஒன்றின் தில்லி நிருபரான சித்திக் காப்பன் 2020 அக்டோபர் 5-ஆம் தேதி வழியிலேயே கைது செய்யப்பட்டார். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 2023 பிப்ரவரியில். வகுப்பறையில் கரு தேடும் இருபது வயது இளைஞர்களுக்கு இதுவும் தெரிந்துதான் இருக்கிறது.

நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாதது:

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. 8(1)(ஜே) பிரிவு தனிநபர் விவரங்களை வெளியிடுவதற்கு விலக்கு அளித்தது. பொதுநலன் சார்ந்ததானால் தரலாம் என்றது. அதோடு, நாடாளுமன்றத்துக்கோ சட்டப்பேரவைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. மாநிலங்களவை உறுப்பினரையும் மனு எழுதும் மாணவரையும் ஒரே படியில் நிறுத்திய வாசகம் அது.

2023-இல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வாசகத்தை நீக்கிவிட்டது. தனிநபர் விவரம் தொடர்பான தகவல் என்றாலே விலக்கு என்று அது சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவில் பொதுநலன் கருதித் தகவல் தர இன்னும் இடம் இருக்கிறது என்பது அரசின் வாதம். இடம் இருப்பது உண்மைதான். ஆனால், தரலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் அதிகாரிக்கு மறுப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. சாக்கடை ஒப்பந்ததாரரின் பெயர் தனிநபர் விவரமா, இல்லையா?

நாடாளுமன்ற வளாகத்திலும் செய்தியாளர்களின் நடமாட்டம் முன்போல் இல்லை. 2020-இல் தொற்றுக்காக வந்த கட்டுப்பாடுகள் தொற்று தணிந்த பிறகும் நீடித்ததால், 2021 டிசம்பரில் பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். கூடத்திலும் தாழ்வாரத்திலும் உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசுவது அரிதாகும்போது, மேஜையில் வைக்கப்படும் அந்தக் காகிதங்களின் மதிப்பு மேலும் கூடுகிறது.

காகிதத்தோடு நிற்பதும் தவறு. பி. சாய்நாத் 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் மிக வறிய மாவட்டங்களுக்குச் சென்று எழுதிய கட்டுரைகளை இதழியல் வகுப்புகள் இன்றும் பாடமாக வைக்கின்றன. ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் உண்டு. அரசுத் திட்டத்தின் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது சென்றடைய வேண்டிய வீட்டு வாசலில் போய் நின்றதுதான் அவர் செய்தது. 2014-இல் அவர் தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தின் இணையதளம், கல்லூரி மாணவர்கள் கிராமங்களுக்குச் சென்று எழுதியவற்றையும் வெளியிட்டு வந்திருக்கிறது. தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. புந்தேல்கண்டில் 2002-இல் பெண்கள் தொடங்கிய 'கபர் லஹரியா' அச்சிதழாக இருந்து இணையத்துக்கு மாறியது. தலைநகரின் செய்தித் தளங்களில் மூன்றாம் கையாக வரும் செய்தி, அங்கே முதல் கையாக இருக்கும். கரு தேடும் மாணவர் முதலில் திறக்க வேண்டிய பக்கங்கள் இவை.

இதற்கெல்லாம் வேண்டிய கால அவகாசம்தான் பாடத்திட்டத்தில் இல்லை. சிறப்புக் கட்டுரைப் பயிற்சிக்குக் கிடைப்பது ஒரு பருவத்தின் சில வாரங்கள். தகவல் மனுவுக்குப் பதில் தர சட்டம் அளிக்கும் கெடு 30 நாள்கள். மறுக்கப்பட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கு 30 நாள்கள், நீண்டால் 45. அதிலும் கிடைக்காவிட்டால் தகவல் ஆணையத்திடம் இரண்டாவது மேல்முறையீடு. அதை எத்தனை நாள்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேல் காத்திருப்போர் பலர். நவம்பரில் வகுப்பில் நான்கு வரி எழுதிவிட்டு மனுப் போட்ட மாணவருக்கு மே மாதத்தில் தேர்வு முடிந்துவிடும். விசாரணைக்கு வருமாறு ஆணையத்தின் கடிதம், அவர் காலி செய்துவிட்டுப் போன விடுதி முகவரிக்கு வரும்.